உப்பும் மகஜரும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிச் செல்வோர் மரக்காணத்தை நெருங்கும்போது, வெண்ணிறக் குவியல்கள் வெயிலில் ஒளிர்வதைக் காண்பார்கள். அவை உப்புக் குவியல்கள். கழுவெளி ஏரியும் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் அடுத்தடுத்துள்ள அந்த நிலப்பரப்பில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. சிறுபாணாற்றுப்படை என்னும் சங்க நூல், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர்களுள் ஒன்றாக எயிற்பட்டினத்தைக் கூறுகிறது. அக்கடற்கரைப் பட்டினம் இன்றைய மரக்காணப் பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. உப்பு வணிகராகிய உமணர் வண்டிகளில் மூட்டையேற்றி உள்நாடு சென்ற செய்தியையும் சங்க நூல்களில் காண்கிறோம். ஆகவே, இந்தக் கரைக்கும் உப்புக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று.

நான் இந்தக் கரையோரப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உப்பு எவ்வாறு விளைகிறது என்பதை விளக்க நான் இங்கு வரவில்லை. அதை என்னைவிட நன்கு அறிந்தவர்கள் அளங்களிலே இருக்கிறார்கள். உப்பை முன்னிட்டு நம் மக்கள் அரசாங்கத்தோடு எவ்வாறு பேசினார்கள், அப்படிப் பேசுவதற்கு என்ன பயிற்சி பெற்றார்கள், அந்தப் பேச்சுக்கு எந்த ஒழுக்கத்தை அளவுகோலாக வைத்தார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள். மக்களுக்காக அரசாங்கத்திடம் எடுத்துரைப்பது ஒரு தொழில் என்று இன்று உலகம் ஒப்புக்கொள்கிறது. தொழில் என்றால் அதற்குக் கல்வி வேண்டும். கல்விக்கு மேல் ஓர் ஒழுக்கமும் வேண்டும். இவ்விரண்டும் எனக்கே இல்லாமல் போன ஒரு காலத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்ப் பாடத்தில் விண்ணப்பம் எழுதுதல் என்று ஒரு பகுதி உண்டு. அனுப்புநர் இடப்பக்கம், பெறுநர் அதன் கீழ், பொருள் ஒரு வரி, ‘ஐயா’ என்னும் விளி, இறுதியில் ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’ என்பதாக அதைப் பல ஆண்டுகள் கற்பித்தேன். தெருவிளக்கு வேண்டி விண்ணப்பம், குடிநீர்க் குழாய் வேண்டி விண்ணப்பம் என்று மாணவர்கள் எழுதிக் குவித்தார்கள். காற்புள்ளி தவறினால் அரை மதிப்பெண் குறைத்தேன். ஆனால், அந்தத் தெருவில் எத்தனை விளக்குகள் எரியவில்லை என்று எண்ணிப் பார்த்தாயா என ஒரு மாணவனையும் நான் கேட்டதில்லை.

ஓராண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட நீண்டு பெய்தது. அளங்களில் நீர் தேங்கியது. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளருக்கு வேலையில்லை என்பது எல்லா ஆண்டும் உள்ளதே. தை பிறந்தால் பாத்திகளைச் சீர் செய்யத் தொடங்குவார்கள். அவ்வாண்டு தை பிறந்தும் பாத்தி தெரியவில்லை. பெரியவர் சிலர் ஓரிரவு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, “வாத்தியாரய்யா, நீங்க எழுதிக் கொடுத்தா மதிப்பாங்க” என்றார்கள். எத்தனை குடும்பம் என்று கேட்டேன். “நானூறு இருக்கும்” என்றார் ஒருவர். அப்படியே எழுதினேன். அதோடு நின்றேனா? பள்ளியில் பரிசு பெற்ற என் தமிழ்நடையைக் காட்டி, பட்டினிச் சாவு நெருங்கிவிட்டது என்று ஒரு வரியும் சேர்த்தேன். படித்துக் காட்டியபோது அவர்கள் கண் கலங்கினார்கள். எனக்குப் பெருமையாகவே இருந்தது.

சில நாளில் ஓர் அதிகாரி நேரில் வந்தார். வீடு வீடாக எண்ணினார். நானூறு குடும்பம் இல்லை; அதிற் பாதிக்குச் சற்று மேலே இருந்தது. ஒரே வீட்டில் வாழும் தந்தையும் மகனும் இரு குடும்பமாகப் பட்டியலில் இருந்தார்கள். சொந்தமாகக் குத்தகை அளம் உடைய சிலரும் கூலிகளாகக் குறிக்கப்பட்டிருந்தார்கள். அந்த அதிகாரி கடிந்து பேசவில்லை. “ஐயா, இந்தத் தாளில் எது உண்மை என்று நான் எப்படி அறிவது?” என்று மட்டும் கேட்டார். கோப்பு மறு விசாரணைக்குத் திரும்பியது. உதவி வந்து சேர்ந்தபோது நீர் வடிந்து அளங்களில் வேலை தொடங்கிவிட்டது. அதற்குள் தன் பித்தளை அண்டாவை அடகு வைத்திருந்த ஒரு மூதாட்டி வழியில் என்னை நிறுத்திக் கேட்டார்: “ஐயா, என் பேரை எழுதினதும் நீங்கதான், என்னைப் பொய்க்காரி வரிசையிலே நிக்க வெச்சதும் நீங்கதானா?” அந்த அம்மையாரின் பசி உண்மை. என் எண் பொய். என் பொய்யின் பின்னே அவருடைய உண்மையும் மறைந்துபோயிற்று.

அதன் பிறகே, இந்தக் கலையில் நமக்கு முன்னே நடந்தவர்கள் யார் என்று வரலாற்றைப் புரட்டலானேன். அங்கே நான் கண்டவற்றைச் சொல்கிறேன்.

சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1805-இல் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. அளத்தில் உப்பு விளைவிப்போருக்குக் குடிவாரம் என்ற பெயரில் ஒரு தொகை கொடுத்துவிட்டு, விளைந்ததை எல்லாம் அரசாங்கமே கைக்கொண்டு தான் நிர்ணயித்த விலைக்கு விற்றது. கடலோரத்தில் தானாகப் பூத்த உப்பை ஏழை ஒருத்தி கையால் அள்ளினாலும் குற்றமாயிற்று. இந்த முறையைப் பற்றியும் நிலவரியைப் பற்றியும் குறை கூற விரும்பியவர் யாரிடம் போவது? குறை செய்தவரே விசாரிப்பவராகவும் இருந்தார். வரி தண்டுகிற அதே கச்சேரியில்தான் வரியைப் பற்றிய முறையீட்டையும் கொடுக்கவேண்டும்.

இந்த நிலையில் தோன்றியவர் கஜுலு லட்சுமிநரசு செட்டியார். 1806-இல் சென்னையில் பிறந்தவர்; பெரும் வணிகர். 1844-இல் ‘கிரசெண்ட்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். 1852-இல் சென்னைச் சுதேசி சங்கத்தை நிறுவினார். கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட இருந்த காலம் அது. அந்தத் தறுவாயில், இம்மாகாணத்து மக்களின் குறைகளைத் தொகுத்து, இங்கிலாந்தின் பார்லிமெண்டுக்கு ஒரு மகஜர் அனுப்பியது அச்சங்கம். வரியின் பளுவை மட்டும் அன்று, வரி தண்டுவதற்காகக் குடிகளைச் சித்திரவதை செய்யும் வழக்கத்தையும் அது வெளிப்படுத்தியது.

சாசனம் 1853-இல் புதுப்பிக்கப்பட்டது. மகஜரின் கோரிக்கைகள் பெரும்பாலும் புறக்கணிக்கப்பட்டன. அவ்வளவோடு வேறொருவர் சோர்ந்திருப்பார். செட்டியார் சோரவில்லை. பார்லிமெண்டு உறுப்பினரான டான்பி செய்மர் அதே ஆண்டு சென்னைக்கு வந்தபோது, அவரைத் தம் செலவில் உள்நாட்டு ஊர்களுக்கு அழைத்துச் சென்று, குடிகளின் வாய்மொழியை நேரிற் கேட்கச் செய்தார். ‘நாங்கள் சொல்வதை நம்புங்கள்’ என்று வேண்டுவது ஒரு வகை. ‘வந்து பாருங்கள், கேட்டுப் பாருங்கள்’ என்று அழைப்பது வேறு வகை. பின்னதற்கே அஞ்சாத நெஞ்சு வேண்டும். சொல்லில் மிகை இருக்குமானால் பார்க்க வந்தவர் கண்டுகொள்வார் அன்றோ?

1854 ஜூலையில் பார்லிமெண்டில் இது விவாதிக்கப்பட்டது. அதன் விளைவாகச் சென்னையில் மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. 1855-இல் அது அறிக்கை தந்தது. அக்குழுவின் முன் நேரில் வந்து முறையிட்டோர் 519 பேர். கடிதம் வாயிலாக முறையிட்டோர் 1,440 பேர். மொத்தம் 1,959 முறையீடுகள். நூற்றுக்கணக்கான மைல் தூரம் நடந்து வந்தவர்களும் அவர்களுள் உண்டு. கிட்டி, அண்ணாந்தாள் என்னும் கொடுமைகளின் பெயர்கள் அந்த ஆங்கில அறிக்கையில் ஏறி நிற்கின்றன. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிப்பது கிட்டி. தலையையும் காலையும் கயிற்றாற் பிணைத்து வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வழங்கிய தண்டனைகளின் வரிசையிலும் இப்பெயர் இருந்தது என்பதை ஓர் ஆசிரியன் என்ற முறையில் நாணத்தோடு நினைக்கிறேன்.

குழுவின் தீர்ப்பு முழு நீதி என்று சொல்வதற்கில்லை. சித்திரவதை நடந்தது உண்மை என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் பழியைச் சுதேசிச் சிப்பந்திகள் மேல் சுமத்தி, மேலே இருந்த வெள்ளை அதிகாரிகளை விடுவித்தது. எனினும், இல்லை இல்லை என்று மறுக்கப்பட்ட ஒன்று, அரசாங்கத்தின் சொந்த ஏட்டிலேயே ‘உண்டு’ என்று எழுதப்பட்டுவிட்டது. எழுதப்பட்டதை இனி அழிக்க முடியாது. அந்த 1,440 கடிதங்களை எழுதிய கைகளை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. எழுத்தறியாக் குடியானவன் சொல்லச் சொல்ல, யாரோ ஒரு திண்ணை வாத்தியாரோ, ஊர்க் கணக்கரோ, தெருவோர எழுத்தரோ எழுதியிருக்கவேண்டும். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பொதுப்பணியிலே தம் பொருளை எல்லாம் கரைத்த லட்சுமிநரசு செட்டியாரும் 1868-இல் வறுமையிலே மறைந்தார்.

அவருக்குப் பின் சங்கம் ஓய்ந்தது. ஓய்ந்ததன் விலையை நாடு கொடுத்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. பட்டினியால் மெலிந்த மக்களைக் கூலிக்கு அமர்த்திச் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. மரக்காணம் வரை நீளும் அந்த நீர்வழிக்கு, அன்றைய கவர்னரின் நினைவாகப் பக்கிங்காம் என்று பெயரிட்டார்கள். அதே பஞ்சத்தின் நடுவே, 1877-இன் இறுதியில், சென்னையில் உப்புத் தீர்வை மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்ந்தது. கஞ்சிக்கு அரிசி இல்லை. இருந்த கஞ்சிக்கும் உப்பு விலை ஏறிற்று. அதை எடுத்துச் சொல்லப் பயின்ற நாவும் இல்லை, கூடிய சபையும் இல்லை. 1878-இல் ‘ஹிந்து’ பத்திரிகையும் 1884-இல் சென்னை மகாஜன சபையும் தோன்றியமைக்கு இந்த வெறுமையும் ஒரு காரணம் எனலாம்.

இனி, இந்தக் கலைக்கே ஆசானாக நான் கருதும் ஒருவரிடம் வருகிறேன். அவர் கோபால கிருஷ்ண கோகலே. புனே நகரின் பெர்குசன் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 1897-இல் இந்தியச் செலவினங்களைப் பற்றி விசாரித்த வெல்பி கமிஷன் முன் சாட்சி சொல்ல இங்கிலாந்து சென்றார். நம் சென்னையிலிருந்து ஜி. சுப்பிரமணிய ஐயரும் அவ்வாண்டு அக்கமிஷன் முன் சாட்சி சொன்னார். கணக்கும் புள்ளிவிவரமும் கையிலிருந்தபடியால் கோகலேயின் சாட்சியம் மதிப்புப் பெற்றது.

அப்போதுதான் அந்தச் சோதனை வந்தது. புனேயில் கொள்ளைநோய்த் தடுப்பு வேலையில் ஈடுபட்ட வெள்ளைச் சிப்பாய்கள் பெண்களிடம் தகாதன செய்தார்கள் என்று நண்பர்களிடமிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. கோகலே அதை நம்பி அங்குள்ள பத்திரிகைக்கும் பார்லிமெண்டு உறுப்பினர்களுக்கும் சொல்லிவிட்டார். பம்பாய் அரசாங்கம் அதை மறுத்தது. தாயகம் திரும்பிய கோகலே, எழுதியவர்களிடம் ஆதாரம் கேட்டார். சான்று கூற முன்வந்தார் ஒருவரும் இல்லை. 1897 ஆகஸ்டில் அவர் நிபந்தனையின்றிப் பகிரங்க மன்னிப்புக் கேட்டார்.

கோழை என்றார்கள் சிலர். நாட்டைத் தலைகுனிய வைத்தார் என்றார்கள் சிலர். நான் வேறு விதமாக நினைக்கிறேன். பிறர் குறையை எடுத்துரைக்கும் பொறுப்பை ஏற்றவன், தான் நிறுவ முடியாத ஒன்றைச் சொல்லிவிட்டால் என்ன செய்யவேண்டும்? எந்த மேடையில் சொன்னானோ அந்த மேடையிலேயே திரும்பப் பெறவேண்டும். அப்படிச் செய்தவனுடைய அடுத்த சொல்லைத்தான் அரசாங்கம் அஞ்சும். நடந்ததும் அதுதான். 1902-இல் கோகலே வைசிராயின் சட்டசபையில் தம் முதல் வரவு செலவுப் பேருரையை நிகழ்த்தினார். அரசாங்கம் உபரி என்று பெருமைப்பட்ட தொகை மக்களிடமிருந்து அளவுக்கு மேல் வாங்கிய வரியே என்று காட்டினார். உப்புத் தீர்வையைக் குறைக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் எடுத்தாண்டவை அரசாங்கமே வெளியிட்ட கணக்குகள். ஆதலால் மறுப்பதற்கு எளிதாக இல்லை. 1903-இல் தீர்வை 2 ரூபாய் 8 அணாவிலிருந்து 2 ரூபாய் ஆயிற்று. 1905-இல் 1 ரூபாய் 8 அணா ஆயிற்று. 1907-இல் 1 ரூபாய் ஆயிற்று. இது ஒருவரின் பேச்சால் மட்டும் நிகழ்ந்தது என்று சொன்னால் அதுவும் மிகையாகும். அரசாங்கத்தின் வரவும் அப்போது செழித்திருந்தது. எனினும், கணக்கறிந்த குரல் ஆண்டுதோறும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

கோகலே தம் தவற்றிலிருந்து தமக்கு மட்டும் பாடம் கற்கவில்லை; பிறர்க்கும் ஒரு பள்ளி அமைத்தார். 1905 ஜூன் 12-இல் புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். அதிற் சேருபவர் ஐந்தாண்டு பயிற்சி பெறவேண்டும். பொதுப் பிரச்சினைகளை நூல்களிலும் அறிக்கைகளிலும் கற்கவேண்டும். நாட்டைச் சுற்றிப் பார்க்கவேண்டும். தமக்கெனப் பொருள் ஈட்டுவதில்லை என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட உறுதிகளில் ஒன்று. பேசுவதற்கு முன் கற்பது, கற்றபின் பேசுவது என்னும் முறை அது. 1915-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகளுக்கும் கோகலே சொன்ன அறிவுரை, ஓராண்டு நாட்டைச் சுற்றிப் பார். பொதுப் பிரச்சினைகளைப் பற்றி வாய் திறவாதே என்பதுதான்.

அந்தச் சங்கத்தில் 1907-இல் சேர்ந்தவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். 1915-இல் கோகலே மறைந்தபின் சங்கத்தின் தலைவரானார். 1927-இல் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா சென்றார். நிறவெறி கொண்ட அரசாங்கத்தோடு நாள்தோறும் பேசி, நம்மவர்க்கு உரியதைக் கேட்கும் வேலை அது. அங்கே டர்பன் நகரில் இந்தியப் பிள்ளைகளுக்கு ஓர் உயர்நிலைக் கல்விச்சாலை அமைய உழைத்தார்; அது இன்றும் சாஸ்திரி கல்லூரி என்றே வழங்குகிறது. வகுப்பறையில் ஒரு சொல்லைத் திருத்தமாகச் சொல்லப் பழகிய ஆசிரியர், மந்திரிகள் முன்னிலும் அவ்வாறே பேசினார். இதில் எனக்கு ஒரு தொழிற்பெருமை உண்டு என்பதை மறைக்கவில்லை.

ஆனால், உண்மையைத் திருத்தமாகச் சொல்லிவிட்டால் அரசாங்கம் கேட்டே தீரும் என்று நம்பிவிடலாகாது. 1923-இல் உப்புத் தீர்வையை 1 ரூபாய் 4 அணாவிலிருந்து இரட்டிப்பாக்க அரசாங்கம் முனைந்தது. மத்திய சட்டசபை மறுத்தது. வைசிராய் ரீடிங் பிரபு தம் தனி அதிகாரத்தால் அதைச் சட்டமாக்கினார். மறு ஆண்டே அது மீண்டும் குறைக்கப்பட்டது என்றாலும், சபையின் சொல் காற்றில் விடப்பட்டதை நாடு கண்டுகொண்டது. முறையாகக் கேட்டும் செவி சாய்க்காத அரசாங்கத்திடம் என்ன செய்வது என்ற கேள்விக்கு 1930-இல் விடை கிடைத்தது.

அந்த விடையிலும் பழைய ஒழுக்கம் கைவிடப்படவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தண்டிக்குப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னதாக, 1930 மார்ச் 2-இல், காந்தியடிகள் வைசிராய் இர்வினுக்குக் கடிதம் எழுதினார். தாம் எதைக் கேட்கிறார், ஏன் கேட்கிறார், கிடைக்காவிடில் என்ன செய்வார் என்பதெல்லாம் அதில் வெளிப்படை. வைசிராயின் சம்பளம் சராசரி இந்தியனின் வருமானத்தைப்போல் 5,000 மடங்குக்கு மேல் என்று கணக்கிட்டும் காட்டினார். ஏப்ரல் 6-இல் தண்டியில் உப்பு அள்ளப்பட்டது. ராஜாஜி ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்டு அம்மாத இறுதியில் வேதாரண்யத்தில் உப்பு எடுத்துச் சிறை சென்றார். 1931 மார்ச் 5-இல் ஏற்பட்ட காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில், உப்பு விளையும் இடங்களை அடுத்த ஊரார் தம் வீட்டுக்கும் தம் ஊருக்குள் விற்பதற்கும் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகை இடம்பெற்றது. 1947 ஏப்ரல் 1 முதல் உப்புத் தீர்வையே நீங்கியது. 1852-இல் மகஜரோடு தொடங்கிய முயற்சி, 95 ஆண்டுகள் கழித்து நிறைவெய்திற்று.

இன்று நிலைமை வேறு. அரசாங்கம் நம்முடையது. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் 1997-இலும் நாடு முழுமைக்கும் 2005-இலும் வந்தது. சட்ட வரைவுகளை முன்னதாக வெளியிட்டு மக்கள் கருத்துக்கு 30 நாளாவது விடவேண்டும் என்று மத்திய அரசு 2014-இல் ஒரு நெறி வகுத்தது. மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தையும் அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு ஏற்படுத்தியுள்ளது. வாயில்கள் திறந்திருக்கின்றன. யார் நுழைகிறார்கள், எதைச் சொல்கிறார்கள் என்பதே இன்றைய கேள்வி.

ஏனெனில், ஏழையின் மனு வரிசையில் நிற்கும்போது, செல்வரின் மனு வரிசையில் நிற்பதில்லை. பெருநிறுவனங்களுக்காக அரசாங்கத்தோடு பேசுவதையே ஊதியத் தொழிலாகக் கொண்டவர்கள் உலகெங்கும் உளர். சட்டசபையின் முன்கூடத்தில் காத்திருந்து உறுப்பினரைக் கண்டு பேசியதால் மேல்நாட்டில் அதற்கு ‘லாபி’ என்ற பெயர் ஏற்பட்டது. ஊதியம் பெறுவது குற்றமன்று. வழக்கறிஞரும் ஊதியம் பெறுகிறார். யாருக்காகப் பேசுகிறோம் என்பதை மறைப்பதே குற்றம். இதனால்தான் அமெரிக்காவில் 1946-இல் ஒரு சட்டமும், அதன் குறைகளை நீக்க 1995-இல் மற்றொரு சட்டமும் இயற்றினார்கள். கனடாவில் இத்தகைய சட்டம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது; பிரிட்டன் 2014-இல் சட்டம் செய்தது. யார் பேசுகிறார், யாருக்காகப் பேசுகிறார் என்பது பதிவேட்டில் இருக்கவேண்டும் என்பதே இவற்றின் சாரம். இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டமோ பதிவேடோ இல்லை. பதிவேடு இல்லாத இடத்தில் யார் சொல் எவர் காதில் விழுந்தது என்பதைப் பொதுமக்கள் அறிய வழியில்லை.

சட்டம் வரும்போது வரட்டும். ஆசிரியன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்த மூதாட்டியின் சொல் என்னைச் சுட்டபின் நான் அதைச் செய்தேன். முதலில், அந்த அதிகாரியிடம் சென்று, எண்ணிக்கைப் பிழை என்னுடையது, ஊராருடையது அன்று என்று என் பெயரிட்டு எழுதிக் கொடுத்தேன். கோகலேயின் கதையை அப்போது முழுதும் அறியேன். அறிந்திருந்தால் அவ்வளவு கால் நடுங்கியிராது. அடுத்து, விண்ணப்பப் பாடத்தை மாற்றினேன். உயர் வகுப்பு மாணவர்களை இருவர் இருவராகத் தெருக்களுக்கு அனுப்பினேன். வீட்டில் எத்தனை பேர், அளத்தில் வேலை செய்வோர் யார், குத்தகை உடையவர் யார், மழைக்காலத்தில் எத்தனை நாள் வேலை இல்லை என்று கேட்டு எழுதி வந்தார்கள். இரு குழுவின் எண் வேறுபட்டால் மீண்டும் போகவேண்டும். அதன் பிறகுதான் ‘ஐயா’ என்று தொடங்கவேண்டும்.

மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி வைத்தேன். நீ சொல்வதை நீயே எண்ணிப் பார்த்தாயா? யாருக்காகச் சொல்கிறாய் என்று மறைக்காமல் எழுதினாயா? தவறு என்று தெரிந்தால் சொன்ன இடத்திலேயே திருத்துவாயா? முதற் கேள்வி லட்சுமிநரசு செட்டியார் கற்பித்தது. மூன்றாவது கோகலே கற்பித்தது. இரண்டாவது இன்றைய உலகம் சட்டம் இயற்றிக் கற்க முயல்வது. மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால் மாணவனின் விண்ணப்பத்துக்கு நான் மதிப்பெண் இடுவேன், காற்புள்ளி பிறகு.

அடுத்த மழைக்கு அந்தப் பட்டியல் பயன்பட்டது. அதே அதிகாரி பத்து வீடுகளை மட்டும் தேர்ந்து பார்த்தார். பத்தும் சரியாக இருந்தன. மற்ற வீடுகளை எண்ணாமலே கையெழுத்திட்டார். அந்த மூதாட்டியின் பெயர் பட்டியலில் ஒரே ஒரு முறை, உள்ளபடி இருந்தது. பணம் வாங்கி வரும் வழியில் என்னைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்துச் சென்றார். அண்டா மீண்டதா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அளத்தில் வேலை செய்வோர் கடல்நீரை அப்படியே கடைசிப் பாத்தியில் விடுவதில்லை. ஒரு பாத்தியில் தேக்கி, வெயிலில் முற்றவைத்து, அடுத்ததற்கு மாற்றி, பதம் பார்த்த பின்னரே உப்புப் பாத்திக்குப் பாய்ச்சுவார்கள். பதம் பாராமல் பாய்ச்சினால் பட்ட பாடு வீண் என்பது அவர்களுக்குத் தெரியும். மக்களுக்காக அரசாங்கத்திடம் பேசப் புறப்படும் இளைஞர்களும், செவிவழி வந்ததை அப்படியே தாளில் வார்க்காமல், பதம் பார்த்து எழுதப் பழகவேண்டும். அவர்களை அவ்வாறு பழக்குவது நம் பள்ளிகளின் கடமை.